ப்ராய் வீட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அப்பாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை. அங்கே பிரான்சில், ரூவானில் குளிர் குறைந்துவிட்டதா?

போனில் கேட்டாயே, "நீ பிளஸ் டூவுக்கு நடத்தின டி ப்ராய் நிஜமாகவே டியூக்கா அம்மா?" என்று. ஆமாம், எலக்ட்ரானும் அலைதான் என்று சொன்ன அந்த இயற்பியலாளர் லூயி டி ப்ராய் நிஜமான டியூக்தான், அதாவது பிரான்சின் உயர்ந்த பிரபு. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. வகுப்பில் அவருடைய அலைநீளச் சமன்பாட்டைத் தாண்டிப் பேசத் தொடங்கினால் ஒருநாளும் மணி அடிக்காமல் இருந்ததில்லை. அதனால் உனக்காவது முழுசாக எழுதுகிறேன்.

மூலத்தில் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களே இல்லை. வட இத்தாலியில் பியட்மான்ட் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிரான்செஸ்கோ மரியா என்பவர் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைக்கு வந்து, 1656இல் வலென்சா கோட்டை முற்றுகையில் செத்துப்போனார். அதன்பின் அவருடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று மூன்று தலைமுறையும் வரிசையாக பிரான்சின் மார்ஷல்கள், அதாவது படையின் உச்சத் தளபதிகள். இரண்டாவது மார்ஷலான பிரான்சுவா மரிக்குத்தான் 1742இல் பதினைந்தாம் லூயி டியூக் பட்டம் கொடுத்தார். நார்மண்டியில் ஷம்ப்ரே என்ற ஊர் இவர்கள் கையில் இருந்தது. அந்த நிலத்தையே பட்டத்துக்குரிய சீமையாக்கி, ஊர்ப் பெயரையும் ப்ராய் என்று மாற்றிவிட்டார்கள். பட்டம் மூத்த மகனுக்கு. அவனுக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் தம்பிக்கு, தம்பியும் இல்லாவிட்டால் தந்தை வழியில் அடுத்த ஆணுக்கு. பெண்பிள்ளைகளுக்கு இதில் இடமே கிடையாது. படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது.

1759இல் மூன்றாவது மார்ஷல் விக்தோர் பிரான்சுவா, பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் பெர்கனில் ஒரு பெரிய போரை ஜெயித்தார். அதற்காக ஜெர்மானியப் பேரரசர் இவருக்கும் வாரிசுகள் அனைவருக்கும் இளவரசர் பட்டம் தந்தார். நம் பாடப்புத்தகத்து லூயி பிறக்கும்போதே இளவரசராக இருந்தது இப்படித்தான்.

சரி, இனிமேல்தான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது வருகிறது.

1789 ஜூலையில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்துப் பாரிஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது, மன்னர் பதினாறாம் லூயி அந்த மூன்றாவது மார்ஷலைக் கூப்பிட்டுப் படைகளை ஒப்படைத்தார். போர் அமைச்சராகவும் ஆக்கினார். சில நாள்கூட நிலைக்கவில்லை. பாஸ்டில் சிறைக்கோட்டை மக்கள் கையில் விழுந்ததும் கிழவர் நாட்டைவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. 1804இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் இறந்தார். ஆனால் அவருடைய மகன் குளோத் விக்தோர் எங்கே இருந்தார் தெரியுமா? எதிர்ப்பக்கத்தில், புரட்சிக்காரர்களின் தேசிய சபையில்! பரம்பரைப் பட்டங்கள் செல்லாது என்று 1790 ஜூனில் தீர்மானம் போட்டது அதே சபைதான். அப்பா மன்னருக்காக நின்றார், மகன் புரட்சிக்காக நின்றார். அந்த வீட்டுப் பெண்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

புரட்சி அந்த மகனையும் விட்டுவைக்கவில்லை. 1792 ஆகஸ்டில் மன்னரை இறக்கியதை அவர் ஏற்க மறுத்தார். பதவி போனது, அப்புறம் சிறை. 1794 ஜூன் 27ஆம் தேதி கில்லட்டினில் தலையை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் அந்தக் கொலைகளை நடத்திய ஆட்சியின் தலைவர் ரோபெஸ்பியரே கவிழ்ந்திருப்பார், இவர் பிழைத்திருப்பார். சாவதற்கு முன் எட்டு வயது மகனுக்கு அவர் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: புரட்சி எவ்வளவு அநியாயமாக, நன்றியில்லாமல் நடந்துகொண்டாலும் அதன் கொள்கைகளைக் கைவிடாதே. பாப்பா, இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தன்னைக் கொல்லப்போகிறவர்கள் மேல் பிள்ளைக்கு வெறுப்பை ஊட்டாமல் போக ஒரு தகப்பனுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

அந்தப் பையன் விக்தோர் மூன்றாவது டியூக் ஆனான். 1815இல் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேயைத் துரோகி என்று பிரபுக்கள் சபையில் விசாரித்தார்கள். அங்கே வாக்களிக்க 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். விக்தோருக்கு அது நிரம்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பெரிய பெரிய மனிதர்கள் மரண தண்டனைக்குக் கை தூக்கிய சபையில், நேய் குற்றவாளி இல்லை என்று இவர் வெளிப்படையாகச் சொன்னார். நேயைக் காப்பாற்ற முடியவில்லை, மறுநாளே சுட்டுவிட்டார்கள். இருந்தாலும் அப்பா சொன்னது அந்தப் பிள்ளைக்குள் இருந்திருக்கிறது. பிற்பாடு பிரதமராக இருந்தார், பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிப்பதற்கான குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

அவர் மகன் அல்பேரும் பிரதமர்தான். ஆனால் முடியாட்சி பக்கம் சாய்ந்தவர். 1877இல் அவர் கட்சி தேர்தலில் தோற்று, குடியரசு வேரூன்றிவிட்டது. அவர் எழுதிய வரலாற்று நூல்களை வேண்டுமானால் நீ அங்கே படித்துப் பார், எனக்கு அவர்மேல் அவ்வளவு ஈடுபாடு வரவில்லை.

அல்பேரின் பேரன்கள்தான் மோரிசும் லூயியும். மூத்தவர் மோரிஸ் கடற்படை அதிகாரி. அதை விட்டுவிட்டு இயற்பியலுக்கு வந்து, பாரிசில் தன் வீட்டிலேயே எக்ஸ் கதிர் ஆய்வகம் வைத்தார். தம்பி லூயி முதலில் படித்தது வரலாறு! 1910இல் பட்டமும் வாங்கினார். 1911இல் பிரசல்சில் பெரிய இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டுக்கு அண்ணன் செயலாளர்களில் ஒருவராகப் போய்வந்தார். அங்கே ஐன்ஸ்டைனும் பிளாங்கும் விவாதித்ததன் குறிப்புகளைப் படித்துத்தான் லூயி இயற்பியலுக்குத் திரும்பினார். முதல் உலகப்போர் முழுக்க ஐபில் கோபுரத்தின் வானொலி நிலையத்தில் வேலை. பிறகு அண்ணனின் ஆய்வகத்தில், எக்ஸ் கதிர் அலைபோலவும் துகள்போலவும் நடந்துகொள்வதைக் கூடவே இருந்து பார்த்தார். அப்படியானால் துகள் என்று நாம் நினைக்கிற எலக்ட்ரானும் ஏன் அலையாக இருக்கக் கூடாது? 1924இல் முனைவர் ஆய்வேட்டில் அவர் கேட்டது இதுதான். 1927இல் சோதனைகளும் ஆமாம் என்றன. 1929இல் நோபல். 1952இல் நம் பிஜு பட்நாயக் கொடுத்த நிதியில் யுனெஸ்கோ தொடங்கிய கலிங்கா பரிசின் முதல் வருஷப் பரிசும் அவருக்குத்தான்.

மோரிஸ் 1960இல் ஆண் வாரிசில்லாமல் இறந்த பிறகே லூயி ஏழாவது டியூக் ஆனார். நோபல் வாங்கி முப்பது வருஷம் கழித்து! கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1987இல் அவர் மறைந்தபோது பட்டம் தூரத்துப் பங்காளி கிளைக்குப் போய்விட்டது.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒளி ஓர் அலை என்று கணக்கோடு நிறுவிய பிரெனெல் 1788இல் பிறந்தது அதே ப்ராய் ஊரில். அவர் அப்பா அந்த மூன்றாவது மார்ஷலிடம் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். ஒளியின் அலையும் பொருளின் அலையும் ஒரே மாளிகையைச் சுற்றி வந்திருக்கின்றன, பார்!

கணினியை விட்டு அறிவியல் வரலாற்றுக்கு மாறட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். லூயி வரலாற்றிலிருந்து இந்தப் பக்கம் வந்தார், நீ இங்கிருந்து அந்தப் பக்கம் போகிறாய். எனக்கு முழுச் சம்மதம். அப்பாவிடமும் பேசிவிட்டேன், "வேலை கிடைக்குமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளச் சொல்" என்றார், வேறு மறுப்பில்லை. பாடம் மாற்றக் கடைசித் தேதி எது, கட்டணம் எவ்வளவு கூடும் என்று உடனே எழுது. வங்கியில் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா