‘ஒருக்கா கொழும்புக்கு வாங்கோ’: வாகன முகவர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

புது வாகனங்களை இறக்குமதி செய்து விற்கும் கொழும்பு முகவர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி திறந்தது. ஐந்து வருடம் காத்திருந்த சனம் உங்கள் ஷோரூம்களுக்குப் படையெடுத்தது. அதில் கொழும்பார் மட்டும் இருக்கவில்லை. ஓய்வூதியக் காசையும் வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பியதையும் சேர்த்து வைத்திருந்த முல்லைத்தீவாரும் மன்னாராரும் பொத்துவிலாரும் இருந்தார்கள். அவர்களுக்காக உங்களோடு பேரம் பேசிக்கொண்டு நின்றது பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருக்கும் ஒரு தம்பி, ஒரு மருமகன், ஒரு மச்சான். விலை விசாரிப்பது, நிறத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, முற்பணம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குவது எல்லாம் எங்கள் தலையில். சம்பளம் கேட்காமல் உங்களுக்கு வியாபாரம் பிடித்துத் தருகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கார் வாங்கக் கொழும்புக்கு வருவதில் ஊர்ச்சனத்துக்குப் பெரிய மனக்குறை இல்லை. வாழ்நாளில் ஒருதரமோ இருதரமோ செய்கிற காரியம். இரவு பஸ் ஏறி வந்து, பார்த்து, வாங்கிக்கொண்டு போகலாம். வாங்கின பிறகும் வரச் சொல்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

என் அக்கா முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருக்கிறா. ஓய்வுபெற்ற ஆசிரியை. உங்களில் ஒருவரிடம், பெயர் வேண்டாம், சின்ன ஹைபிரிட் கார் ஒன்று எடுத்தா. உத்தரவாதம் மூன்று வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. பொடி எழுத்தில் மிச்சம் இருந்தது: ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் சேர்விஸ், அதுவும் நிறுவனம் அங்கீகரித்த இடத்தில் மட்டும். அந்த இடம் கொழும்பில். ஒட்டுசுட்டானிலிருந்து கொழும்புக்குப் போய்வர 600 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓட வேண்டும். 5,000இல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, சேர்விஸ் செய்யப் போய்வந்தே தேய்கிறது. ‘இலவச சேர்விஸ்’ என்று அந்தப் புத்தகத்தில் அச்சடித்திருப்பதைப் பார்க்க அக்காவுக்குச் சிரிப்புத்தான் வருகிறதாம். பெற்றோலும், ஓட்டிவருகிறவனின் ஒருநாள் கூலியும், இரவு தங்கலும் யார் கணக்கில்?

வடக்கிலும் கிழக்கிலும் எங்களுக்குக் கிளை உண்டே என்பீர்கள். சிலருக்கு உண்டு. கண்ணாடிச் சுவரும் ஏசியும் கோப்பியும் இருக்கும். காரைத் தூக்கி அடியைப் பார்க்க ஒரு ஹொயிஸ்ட் இருக்குமா?

இன்னொரு விஷயம். பல ஹைபிரிட் கார்களின் பின்சீற் ஓரத்தில் பற்றரியைக் குளிர்விக்கக் காற்றை இழுக்கும் துவாரம் ஒன்று உண்டு. உள்ளே தூசியைத் தடுக்கும் ஒரு வடி, அதற்குப் பின்னால் மின்விசிறி. கொழும்பில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு ஓடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிறவல் ரோட்டில் ஓடும் காரில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மருமகன் கழற்றிப் படம் அனுப்பினான்: செம்மண் தூசி ஒரு பக்கம் முழுக்கப் படிந்து, வலைக்கண் ஒன்றும் தெரியவில்லை. அடைத்தால் பற்றரி சூடாகும், எச்சரிக்கை விளக்கு எரியும், பற்றரியின் ஆயுள் குறையும். துப்புரவாக்குவது பத்து நிமிட வேலை. ஊர் மெக்கானிக் செய்வார். ஆனால் வெளியாள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடுமோ என்ற பயம். உங்கள் அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்டேன். ‘ஒருக்கா கொழும்புக்கு வாங்கோ சேர், பார்த்துச் சொல்லலாம்’ என்று ஒரு பிள்ளை மிக மரியாதையாகச் சொன்னா.

வன்னியில் பிராண்ட் நியூ கார் ஏன் விலைபோவதில்லை என்று உங்கள் கூட்டங்களில் பேசுவீர்களோ தெரியாது. பேசினால் இதைக் கணக்கில் எடுங்கள். ரீகண்டிஷன் கார், அதாவது வெளிநாட்டில் பாவித்து இங்கே இறக்கிய கார், வாங்கினவருக்குச் சாமான் தேவைப்பட்டால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒருவர் வாங்கி இரவு பஸ்காரரிடம் பார்சல் கொடுத்துவிடுவார். விடியச் சாமான் வவுனியாவில். மத்தியானம் கார் ஓடும். உத்தரவாதம் இல்லாத காருக்கு இந்த வசதி. உத்தரவாதத்தோடு காசு கூடக் கொடுத்து வாங்கினவருக்கு இல்லை. 18 வீத வற் வரியை இருவரும்தான் கட்டியிருக்கிறார்கள்.

கார்கள் குறைவு, ஊருக்கு ஊர் கராஜ் போட்டால் கட்டுபடியாகாது என்பது உங்கள் பதிலாக இருக்கும். நியாயம்தான். ஊருக்கு ஊர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காருக்குக் கடன் கொடுத்த லீசிங் நிறுவனத்துக்கு அங்கே கிளை இருக்கிறது. ஒரு தவணை பிந்தினால் வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறது. மோட்டார் சைக்கிள் விற்கிறவர்களும் சின்னப் பட்டினங்களில் சேர்விஸ் நடத்துகிறார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, முன்கூட்டியே திகதி அறிவித்து, கருவிகளோடு ஒரு வானும் இரண்டு மெக்கானிக்கும் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ வரலாம். அதுவும் முடியாதென்றால், அங்குள்ள நல்ல கராஜ் ஒன்றைத் தெரிவுசெய்து, பயிற்சி கொடுத்து, முத்திரை கொடுங்கள். நம் பெடியள் கெட்டிக்காரர்.

பழுதடைந்த காரைக் கொண்டுவரும் செலவையும் பேச வேண்டும். ஹைபிரிட்டையோ மின்சாரக் காரையோ பழைய கார் மாதிரிக் கயிறு கட்டி இழுக்கச் சொல்ல முடியாது. கார் ஏற்றும் காரியர் லொறியில்தான் ஏற்ற வேண்டும். உத்தரவாதக் காலத்துப் பழுதென்றால் அந்தக் கூலி உங்களுடையதாக இருப்பதுதான் முறை. ஒப்பந்தத்தைத் தமிழிலும் தாருங்கள். கையெழுத்திடுகிறவர் தானே வாசிக்கட்டும், என்னைப் போல் ஒருவன் தொலைபேசியில் விளங்கப்படுத்த வேண்டாம்.

இது தமிழர் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மொனராகலையில் கார் வாங்கின சிங்களவருக்கும் இதே அலைச்சல்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் இந்த மடலின் பிரதி ஒன்று போகிறது.

அக்காவின் காருக்கு அடுத்த சேர்விஸ் நெருங்குகிறது. வவுனியாவில் எந்தத் திகதிக்கு வருவீர்கள் என்று அறியத் தாருங்கள். காரைக் கொண்டுவந்து நிறுத்துவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து, உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி