சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு மிடறு தண்ணீர்

ஆசிரியருக்கு,

மயக்க மருந்து பற்றித் தங்கள் பத்திரிகையில் கடந்த வாரம் வெளியான கட்டுரையில், சத்திரசிகிச்சைக்கு முந்திய பட்டினி பற்றி ஒரு வரிதான் இருந்தது. எங்கள் நோயாளர் அதிகம் வாடுவது அதில்தான். இலகுவான உணவை 6 மணித்தியாலத்துக்கு முன்பும், தண்ணீர், பால் சேராத பிளேன்டீ போன்றவற்றை 2 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்று அமெரிக்க மயக்கவியல் நிபுணர் சங்கம் 1999ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. தெளிந்த நீர் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதில்லை என்பதே காரணம். இங்கோ "நடுச்சாமத்துக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்" என்ற பழைய கட்டளைதான் இன்னும் காதில் விழுகிறது.

கச்சான் காற்று அனலாய் வீசிய ஆடி மாதத்தில் 72 வயதான என் அம்மாவுக்கு இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சை நடந்தது. இரவு 10 மணிக்குக் கடைசி வாய்த் தண்ணீர்; உள்ளே கொண்டுபோனபோது பிற்பகல் 2 மணி. உலர்ந்த உதட்டை நனைத்த பஞ்சால் துடைத்தேன். அந்தப் பஞ்சையே உறிஞ்சினார். நீரிழிவு முற்றியவர்கள், கர்ப்பிணிகள் போன்றோருக்கு வைத்தியரே முடிவு சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு, "இத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம்" என்று முதல்நாள் மாலையே தமிழில் எழுதிக் கட்டிலில் தொங்கவிடலாம். நேரம் பிந்தினால் அதையும் திருத்தி எழுதட்டும்.

வாசகி,
களுவாஞ்சிகுடி.