பால்சுறா

மண்டபம்
ஐப்பசி 3

தாயி,

ஸ்கேன் படம் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, மூக்கு நம்ம வீட்டு மூக்குதான் என்கிறார். எனக்கு நிழல்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த ஜப்பான் செய்தி. தாயின் புற்றுநோய் வயிற்றுப் பிள்ளைக்குப் போகுமா என்று கேட்டிருக்கிறாய். என் மார்புத் தழும்பை நினைத்துத்தானே கேட்டாய்? மார்பில் புற்று வந்தபோது நீ வயிற்றில் ஐந்து மாதம். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

மதுரையில் ஆபரேஷன். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டதால் கீமோ கொடுக்கலாம் என்றார்கள். நீ பிறக்கும்முன் இரண்டு தடவை ஏற்றினார்கள். பிரசவத்தில் நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். பனையடியில் புதைக்க வேண்டியதை எங்கே கொண்டு போகிறீர்கள் என்று அப்பத்தா வார்டு வாசலில் மல்லுக்கு நின்றது. அதில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

நீ படித்தது நிஜம்தான். 2009-இல் வெளிவந்த விவரத்தில், தாயின் ரத்தப் புற்றுச் செல்கள் பிள்ளைக்குள் போய் வளர்ந்தன. பிள்ளையின் உடம்பு அந்நியன் என்று கண்டுகொள்ளும் குறி அந்தச் செல்களில் அழிந்திருந்ததாம். லைட்டை அணைத்துவிட்டு எல்லை தாண்டும் படகு மாதிரி. 2021-இல் வந்த இரண்டு பையன்கள் கதை வேறு: தாய்மாருக்குக் கருப்பைவாய்ப் புற்று, பிறக்கும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். கர்ப்பத்தில் புற்றுநோய் ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. பிள்ளைக்குத் தாவுவது அபூர்வத்திலும் அபூர்வம். அந்தப் பையன்களில் பெரியவனுக்கே ஆறு வயதில் தெரிந்துவிட்டது. உனக்கு வயது 29, கழுதை.

என் கவலை வேறு. இளவயதில் மார்பில் வந்தால் பிஆர்சிஏ மரபணுவைப் பார்க்க வேண்டும்; அதில் கோளாறிருந்தால் மார்புப் புற்று வரும் வாய்ப்பு கூடுமாம். அந்தக் கோளாறு எனக்கிருந்தால் உனக்கும் அது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் என் ரத்தத்தைத்தான் பார்ப்பார்களாம். செவ்வாய்க்கிழமை மதுரை போகிறேன். முடிவு எதுவானாலும் மறைக்க மாட்டேன்.

ஏன் மறைத்தேன் என்கிறாயா? உனக்குப் பால் ஊறவில்லை என்று சொன்னதுகூடப் பொய்தான். கீமோ பாக்கி இருந்தது, கொடுக்கக் கூடாது. அப்பத்தாவுக்கு அது தெரியாது. பால் ஊறட்டும் என்று தினமும் பால்சுறா மீன் வாங்கி, அவித்து, தோலுரித்து, முள் பார்த்து உதிர்த்து, பூண்டைத் தட்டிப்போட்டுப் புட்டு செய்து கொடுத்தது. ஒரு வாய் மிச்சம் வைக்காமல் தின்றேன். பக்கத்தில் நீ புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தாய்.

ஏழாம் மாதம் வந்துவிடு. பாம்பனில் சுறாவுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அம்மா