நெல்லுக்கு அடிக்கிற மருந்தில் தமிழ் இருக்கிறது, வயிற்றில் போடுகிற ஊசியில் இல்லை: ஒரு திறந்த மடல்

மருந்துகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் அதிகாரிகளுக்கும், எங்கள் மாகாணத்துச் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இளமையும் பலமும் திரும்பும் என்று சொல்லி, பெப்டைட் ஊசி என்ற பெயரில் ஐம்பது தாண்டிய ஆண்களிடம் என்னென்ன விற்கப்படுகிறது என்பது நீங்கள் அறியாததல்ல. என் போனுக்கே அந்த விளம்பரம் நாளுக்கு மூன்று தரம் வருகிறது. அதனால் முன்கதை எழுதி உங்கள் நேரத்தைப் பிடிக்கவில்லை. என் மச்சானுக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிய பிறகுதான் அவர் எழுத விட்டார்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் வட்டக்கச்சிப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன். வயது 59. மச்சான் என் மனைவியின் தம்பி, என்னிலும் மூன்று வயது இளையவர். உழவு மெசின் ஓட்டுகிறவர். தொடையில் 2009 ஆம் ஆண்டுப் போரில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் கொப்பியும் உண்டு.

காலபோக அறுவடைக் காசு கைக்கு வந்த நேரம். ஒரு பின்னேரம் கடைக்கு வந்து, ஒரு துண்டை நீட்டினார். "அத்தான், நீங்கள் மில்லி அளக்கிற ஆள்தானே, இதுக்கு ஒரு கணக்குப் போட்டுத் தாங்கோ." துண்டில் இத்தனை மில்லிகிராம் தூள், இத்தனை மில்லி தண்ணீர், ஒரு தரத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தது. ஆருக்கு என்று கேட்டேன். மாட்டுக்கு என்றார்.

தாங்கிக்கு எத்தனை மூடி மருந்து என்று கணக்குப் பார்க்கிற அதே கல்குலேற்றரில் போட்டுக் கொடுத்தேன். மில்லியும் மைக்ரோவும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், கவனம் என்று வேறு சொல்லி அனுப்பினேன். நூறு கோடு போட்ட இன்சுலின் ஊசியில் எந்தக் கோடு மட்டும் இழுக்க வேண்டும் என்று பேனையால் அடையாளமும் போட்டேன். எந்த மாட்டுக்கு இன்சுலின் ஊசியில் மருந்து போடுகிறார்கள் என்ற யோசனை அப்போது எனக்கு வரவில்லை. கடையில் சனம்.

என் கணக்கு சரி. பிறகு இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன், சரிதான். அந்தச் சரியான கணக்கில்தான் அவர் தன் வயிற்றில் ஐந்து கிழமை ஊசி போட்டிருக்கிறார்.

ஐந்தாம் கிழமை அவருடைய மனைவி அழுதழுது போன் எடுத்தார். போய்ப் பார்த்தால் காய்ச்சல், தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. கை இரண்டும் பொதுபொதுவென்று வீங்கி, கலியாண மோதிரம் சவர்க்காரம் போட்டும் கழலவில்லை. விரல் விறைக்கிறது என்றார். சீனி 290. தூள் கரைக்கத் தந்த தண்ணீர் முடிந்துபோனதாம். விற்ற பெடியனிடம் கேட்டால், கொதித்தாறிய தண்ணீர் காணும் அண்ணை என்று வட்ஸ்அப்பில் பதில் வந்ததாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டிச் சீழ் எடுத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இளம் டொக்டர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, என்ன ஊசி போட்டது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மச்சானிடம் சொல்ல ஒரு பெயர் இல்லை. தடி குத்தியது என்றார். பிறகு விற்றமின் என்றார். கடைசியில் நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போத்தல்களை எடுத்து வந்தேன். குப்பி என்றால் சயனைட் நினைவு வரும், அப்படி எழுத எங்கள் பக்கத்தில் கை வராது, சின்னப் போத்தல் என்றே எழுதுகிறேன். சாப்பாட்டுப் பெட்டிக்குள் துணி சுற்றி, பக்கத்துத் தேத்தண்ணிக்கடைப் பிறிஜ்ஜில் ஐஸ்பக்கற்றுக்கு நடுவே வைத்திருந்தார். அதற்கு முன் அவை கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தவை. கரைத்த பிறகு 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டிய பொருள். தேத்தண்ணிக்கடைப் பிறிஜ் ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாட்டு லைற்றுக்குக் கீழே பிடித்து வாசித்தேன். ஒன்றில் பிபிசி-157 (BPC-157). மற்றதில் சிஜேசி-1295, இபமோரெலின். கீழே எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பாவிப்பதற்கு அல்ல என்று இருந்தது. டொக்டர் தன் சொந்தப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, இது எங்கள் மருந்துகளில் இல்லை என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

பிபிசி என்றால் எங்கள் தலைமுறைக்கு இரவு ஒன்பதே காலுக்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் கேட்ட தமிழோசை. மச்சானும் அந்த நம்பிக்கையில்தான் வாங்கியிருப்பார் போல.

நான் கேட்பது ஒன்றுதான். பெப்டைட் என்று விற்கப்படுபவற்றில் எது இந்த நாட்டில் பதிவு செய்யப்பட்ட மருந்து, எது இல்லை என்று, பெயர் பெயராக, தமிழ் எழுத்தில், ஒரே ஒரு பக்கம் அச்சடித்து எங்கள் ஓபிடிகளிலும் பாமசிகளிலும் ஒட்டுங்கள்.

இணையத்தில் தேடலாமே என்பீர்கள். தேடலாம், ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிக்கத் தெரிந்தவர்கள். மச்சான் தன் கையெழுத்தைத் தவிர வேறு ஆங்கிலம் எழுதி நான் பார்த்ததில்லை.

என் கடைக்கு ஒருநாள் வந்து பாருங்கள். நெல்லைத் தாக்கும் கபிலத் தத்திப் பூச்சிக்கு அடிக்கிற மருந்துப் போத்தலில் மூன்று மொழியும் இருக்கும். எவ்வளவு நஞ்சு என்று காட்ட நிறப் பட்டை இருக்கும். பதிவு இலக்கம் இருக்கும். பதிவில்லாத போத்தல் ஒன்று என் தட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வன்னியில் ஒரு மனிசன் தன் வயிற்றில் குத்துகிற சாமானில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. தத்திக்குக் கிடைக்கிற மரியாதை மச்சானுக்குக் கிடைக்கவில்லை.

பெப்டைட் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிற என் மகள் இதைப் பற்றி இரண்டு மூன்று இரவு எனக்கு வாசித்துச் சொன்னாள். அமினோ அமிலங்களைக் கோர்த்த சின்னச் சங்கிலிதான் பெப்டைட். இன்சுலினும் அந்தச் சாதிதான், 51 கோர்வை. 1922 இல் கனடாவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதல் போட்டது, இன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் இருக்கிறது. வாயால் குடித்தால் இரைப்பை அரைத்துவிடும் என்பதால்தான் இவை பெரும்பாலும் ஊசியாக வருகின்றன. சீனிக்கும் உடம்பு நிறைக்கும் டொக்டர் எழுதித் தருகிற செமாகுளுட்டைடும் பெப்டைட்தான், ஒழுங்காகப் பரிசோதித்து வந்தது.

இந்த நல்ல பெயரைத்தான் அந்தப் பெடியன் கடன் வாங்கி விற்கிறான். பிபிசி-157 பற்றி இருக்கிற ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்தவை. விளையாட்டு வீரர்களுக்கு அதை 2022 இலிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை செய்திருக்கிறது. மற்ற இரண்டும் உடம்பைத் தூண்டி வளர்ச்சி ஓமோனைக் கூடுதலாகச் சுரக்க வைப்பவை. வளர்ச்சி ஓமோன் கூடினால் இன்சுலினின் வேலை மந்தமாகும், சீனி ஏறும், உடம்பு நீர் பிடிக்கும், மணிக்கட்டு நரம்பு நெரிந்து விரல் விறைக்கும். மகள் இதை வாசிக்க, எனக்கு மச்சானின் மோதிரம் கண்ணுக்குள் வந்தது. சீனிக் கொப்பி இருக்கிற ஆளிடம் இதை விற்றவனுக்கு இது தெரியாதா, தெரிந்தும் விற்றானா?

அவன் மச்சானுக்குக் காட்டிய ஆதாரம் என்ன தெரியுமா? 1990 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு. 61 முதல் 81 வயது வரையான ஆண்கள் 21 பேர். அதில் 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி. கொழுப்பு 14.4 வீதம் குறைந்தது, தசை சார்ந்த நிறை 8.8 வீதம் கூடியது. உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் போட்டது வளர்ச்சி ஓமோனையே, இந்தப் போத்தலில் உள்ளதை அல்ல. இந்தக் கட்டுரையை விளம்பரக்காரர்கள் இழுத்துப் பிடித்து வியாபாரம் செய்கிறார்கள் என்று அதே சஞ்சிகை 2003 இல் கண்டித்தும் எழுதியது. அந்தப் பக்கத்தை அவன் காட்டவில்லை. கடைசியாக இன்னொன்றுக்கும் காசு கேட்டிருக்கிறான், பிரெமெலனோட்டைட். அந்த விஷயத்துக்கு நல்லதாம் அண்ணை என்று. அதற்கு அமெரிக்காவில் 2019 இல் அனுமதி கிடைத்தது உண்மை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு! இதை மச்சானுக்குச் சொன்னபோது கட்டுப் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனிசி சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கென்று கொடுத்தது எண்பத்தையாயிரம், பத்துப் பதினொரு மூடை நெல்லின் காசு.

ஏன் இவ்வளவு காசைக் கொடுத்தார் என்று நானும் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வயது வேறு மாதிரித்தான் ஏறியிருக்கிறது. இடம்பெயர்வு ஒவ்வொன்றிலும் தாயையும் தகரத்தையும் தோளில் காவிய முழங்கால்கள் இவை. ஐம்பத்தாறு வயதில் மெசின் சீற்றில் ஏற ஒரு பெருமூச்சு, இறங்க இரண்டு. இரவில் நித்திரை இல்லை. இதையெல்லாம் ஆரிடம் போய்ச் சொல்வது? பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆணும் பெண்ணும் போய்ச் சீனி, பிறஷர் பார்க்க ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களும் இருக்கின்றன, ஆனால் அது பெரும்பாலும் பகல் வேளையில். பகலில் மச்சான் வயலில். சும்மா பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்கவும் எங்கள் ஆண்களுக்கு வெட்கம், அந்தப் பிழை எங்களுடையது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சந்தியில் திறந்திருப்பது கள்ளுத் தவறணை. அதற்கு நேர ஒழுங்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரே இரவில் நாட்டுக்கு இரசாயன உரம் வேண்டாம் என்று 2021 இல் முடிவெடுக்க முடிந்த அரசாங்கங்கள் இவை. அப்போது என் கடைத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்ததை நான் மறக்கவில்லை. அந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் ஒரு பக்கம் அச்சடிக்கக் காணும். 2023 இல் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் பெயர் ஒட்டி அரச ஆஸ்பத்திரிகளுக்கே போலி மருந்து வந்ததை நாடு பார்த்தது. வாசலாலேயே அப்படி வருமென்றால், வட்ஸ்அப்பால் வருவதை... சரி, விடுகிறேன். மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன். மன்னிக்கவும்.

பதிவில்லாத மருந்தை இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்று 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. புதுச் சட்டம் ஒன்றும் நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் கேட்கிறேன். தமிழில். பெயர்கள் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், போத்தலோடு வைத்துப் பார்க்க. இது பதிவில் உண்டு, இது இல்லை. அடியில், ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதிய போத்தலை உடம்பில் ஏற்றாதீர்கள் என்று ஒரு வரி. ஏற்கெனவே போட்டவர்கள் டொக்டரிடம் பெயரைச் சொல்லுங்கள், ஆரும் ஏச மாட்டார்கள் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரி முக்கியம் ஐயா. மச்சான் முதல் நாளே வாய் திறந்திருந்தால் இரண்டு நாள் முந்திக் கட்டியை வெட்டியிருப்பார்கள்.

ஓபிடிச் சுவரில் இடமில்லை என்றால் என் கடைச் சுவரில் ஒட்டுகிறேன். பாமசிக்குப் போகாத ஆண்கள்கூட உரக்கடைக்கு வருவார்கள். பசையும் நானே வாங்குகிறேன்.

மச்சான் இப்போது நடமாடுகிறார். வீக்கம் வற்றி மோதிரம் கழன்றுவிட்டது. சீனி இன்னும் முந்தின அளவுக்கு இறங்கவில்லை. விற்ற பெடியனின் இலக்கம் இப்போது வேலை செய்யவில்லை. மிச்சமாக நான்கு போத்தல், மூன்று உடைக்காதது, ஒன்று பாதி, என் கடை மேசை இலாச்சிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கிணற்றடியில் ஊற்ற மனம் வரவில்லை, குப்பையில் போடப் பயம். எங்கே, ஆரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தயவுசெய்து அறிவியுங்கள். ஆள் அனுப்பினாலும் நல்லது. கடை காலை ஏழிலிருந்து பின்னேரம் ஆறு வரை திறந்திருக்கும், ஞாயிறு பூட்டு.

இப்படிக்கு,
உரக்கடைக்காரன் ஒருவன்,
வட்டக்கச்சிப் பக்கம்.