மண் பார்த்துக் கொடுத்த சூளை அக்காவுக்கும், கரைக்கு வந்த எல்லோருக்கும்

புயல் மழை விட்டுவிட்டது. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கோடியில் வழிகிறது, கரை நிற்கிறது. எந்த இடத்தில் அரித்தது, அந்த ராத்திரி எப்படிக் கழிந்தது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். நன்றியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் பாசனக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில், பாலாற்றோரச் சூளையில் செங்கல் அறுக்கும் அக்காவுக்கு.

அரித்த கரையை அடைக்க டிப்பரில் வந்து இறங்கிய மண் பார்வைக்கு நல்ல சிவப்புக் கிராவல். அந்த வழியாகப் போன அக்கா ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்துத் திரித்தார். திரி சுண்டுவிரல் கனத்துக்கு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. "இது நிக்காதுண்ணா, தண்ணி பட்டா சக்கரையாட்டம் கரைஞ்சி பூடும்" என்றார். மழைக்காலத்தில் சூளையில் அறுப்பு கிடையாது. தை மாசத்துக்கென்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த களிமண்ணை, முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இரண்டு கூடை சிவப்பு மண்ணுக்கு ஒரு கூடை களி. கலந்து திரித்தபோது பென்சிலைவிட மெல்லிசாக வந்தும் உடையவில்லை. வெறும் களியாகப் போடவும் அவர் விடவில்லை. காய்ந்தால் வெடிக்கும், அடுத்த மழைத்தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் கரைக்குள் இறங்கும்.

ஈரத்துக்கும் அவர் கைதான் அளவு. அமுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உடையாமல் அப்பளமாகத் தரையில் அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். அந்த மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்தால் இறுகாது, பக்கவாட்டில் பிதுங்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் இதைப் பார்த்துத்தான் கொட்டச் சொன்னார். கூலியே இல்லாத மாதத்தில், கூலி கேட்காமல் கடைசி அடுக்கு வரை நின்றார். கரைக்குள் இருக்கும் மண் வெளியே தெரியாது. அதனால்தான் அவர் செய்ததை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஜேசிபி ஓட்டிய தம்பிக்கு நன்றி. அரித்த சரிவில் புது மண்ணை அப்படியே கொட்டினால் பழைய மண்ணோடு ஒட்டாது, மொத்தமாகச் சறுக்கி வந்துவிடும். புல், வேர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, பழைய கரையைப் படிபடியாக வெட்டிக் கொடுத்தார். அரை அடிக்கு மேல் ஓர் அடுக்கு போடவில்லை. இறுகிய அடுக்கின் மேல்முகத்தைக் கீறி, தண்ணீர் தெளித்த பிறகே அடுத்தது. கல் கொடுத்த குவாரிக்காரர், அலை அரிக்காமல் சரிவில் பதிக்கும் அலைக்கல்லோடு ஒரு லோடு ஜல்லியும் சேர்த்து அனுப்பினார். ஜல்லி இல்லாமல் கல்லை மட்டும் பதித்தால், அலை திரும்பும்போது இடுக்கு வழியாக மண்ணை உறிஞ்சிக்கொண்டே போகும், கல் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும்.

மூட்டை கட்டிய பிள்ளைகள், சோறு கொண்டுவந்த சுயஉதவிக் குழுப் பெண்கள், விளக்கு போட்டுக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப விடாத பெரியவருக்கும் சேர்த்துத்தான். முட்ட நிரப்பிய மூட்டை படியாது, நடுவில் சந்து விழும். வெளிச்சரிவில் ஊற்று கிளம்பியபோது அதை அடைக்கப் போனவர்களைத் தடுத்ததும் அவரே. தெளிந்த தண்ணீர் என்றால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று அர்த்தம். அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றி மூட்டை அடுக்கிக் கிணறு மாதிரி கட்டினால் உள்ளே தண்ணீர் ஏறி, ஊற்றின் வேகம் தானாகக் குறையும். குறைந்தது.

பாலாறு வயலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. ஆறு கொண்டுபோகும் மணல் குறைந்தால் கடற்கரையை அலை தின்னும் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். கடலே இல்லாத வட ஆற்காட்டிலும் கரையைத் தின்றது அலைதான். நிறைந்த ஏரியில் புயல் காற்று ஓயாமல் அடித்தது. அலைக்கல் பெயர்ந்த இடமும், கரையடியில் யாரோ மண் வெட்டிய பள்ளமும், வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத்தின் வேர் மக்கிய பொந்தும் ஒரே இடத்தில் அமைந்திருந்தன. இதில் மூன்றுமே மழைக்கு முன்னால் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை.

இனி வருஷா வருஷம் ஆவணியில் கரை முழுக்க நடந்து எலி வளை, நண்டு வளை, பெயர்ந்த கல் எல்லாம் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். கரையடியில் மண் எடுக்க யாரையும் விடமாட்டோம். தண்ணீர் இறங்கியதும் சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, அரை அடிக்கு ஒரு தூர் வெட்டிவேர் நடப் போகிறோம். வேர் பிடிக்கும் வரை அந்தப் பக்கம் ஆடு மாடு ஓட்ட வேண்டாம்.

யாருடையது என்று தெரியாத திமிசுக்கட்டைகளும் மண்வெட்டிகளும் பிள்ளையார் கோயில் திண்ணையில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சூளைக்குத் திருப்ப வேண்டிய களிமண், ஏரி வற்றியதும் வண்டலோடு சேர்த்து முதல் லோடாகப் போகும்.