பேத்தியைப் பள்ளி மாற்றும் முன்

அன்புள்ள தாயி,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. குட்டியை, வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷில் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து எடுத்து ஆங்கிலப் பள்ளியில் போடலாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிக்கிறீர்கள். வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், நடுவில் இது எதற்குப்பா என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் உங்களோடு இருந்தபோது ஒருநாள் கார்மார்தனில் நீ சாமான் வாங்கப் போனாய், நானும் குட்டியும் கில்டுஹால் என்ற பழைய நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? வருகிற வழியில் ரோட்டில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்ததை நான் 'அராஃப்' என்று படித்தேன். "அரவ், தாத்தா. மெதுவான்னு அர்த்தம்" என்று திருத்தினாள். அந்தக் கார்மார்தனின் கதையை நம் ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன். 1966 ஜூலை 14 இடைத்தேர்தலில் க்வின்வோர் எவன்ஸ் 2,436 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது கார்மார்தன் தொகுதியில்தான். வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரிக்கு லண்டன் பாராளுமன்றத்தில் கிடைத்த முதல் இடம் அது. வெல்ஷில் உறுதிமொழி எடுக்கிறேன் என்று கேட்டார், விடவில்லை.

அவருக்கே வெல்ஷ் வீட்டில் கிடைத்த மொழி இல்லை தாயி. 1912இல் பாரி என்ற துறைமுக ஊரில் பிறந்தவர், அப்பா பெரிய கடைக்காரர், வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். வளர்ந்து இளைஞனான பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தவர், லங்காடோக் கிராமத்தில் கண்ணாடிக் குடில் போட்டுத் தக்காளி பயிரிட்டார், போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்தார், 1945 முதல் 1981 வரை கட்சித் தலைவராகவும் இருந்தார். அந்த 36 வருஷத்தில் பெரும்பாலும் தோல்விதான். 1974 பிப்ரவரியில் மூன்றே ஓட்டில் தோற்றார். மூன்று ஓட்டு! அதே வருஷம் அக்டோபரில் மறுபடி நின்று ஜெயித்தார், 1979இல் மறுபடி தோற்றார்.

அந்த முதல் வெற்றிக்கு முன்னால் நடந்தது கப்பெல் கெலின் கிராமத்தின் கதை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று, அந்தக் கிராமம் இருந்த ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் சட்டம் போட்டார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடவில்லை, இருந்தும் நிறைவேறிவிட்டது. ஊர்மக்களோடு லிவர்பூல் தெருவில் ஊர்வலம் போனவர்களில் எவன்ஸும் ஒருவர். 1965இல் பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. முழுக்க வெல்ஷ் பேசிய கிராமம் அது. அபெரிஸ்ட்வித் போகிற வழியில் சிவப்புச் சுவரில் வெள்ளை எழுத்தில் 'ட்ரவெரினை மறக்காதீர்கள்' என்று வெல்ஷில் எழுதியிருக்கும், குட்டியைக் கூட்டிப்போய்க் காட்டு. அதை அவளே வாசித்து உனக்கு அர்த்தம் சொல்வாள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. வெல்ஷுக்குத் தனி டி.வி. சேனல் தருவோம் என்று 1979 தேர்தலில் சொன்ன கட்சி, ஆட்சிக்கு வந்து சில மாதத்திலேயே முடியாது என்றது. 1980 மே மாதம் எவன்ஸ் அறிவித்தார்: அக்டோபர் 6ஆம் தேதியிலிருந்து சாப்பிடமாட்டேன், சேனல் வரும்வரை, உயிரே போனாலும். வயது 67, ஏழு பிள்ளைகளின் தகப்பன். சும்மா மிரட்டுகிறார் என்று அவரை அறிந்த யாரும் நினைக்கவில்லை. செப்டம்பர் 17 அன்று அரசாங்கம் இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1இல் ஒளிபரப்பு தொடங்கியது. குட்டி காலையில் பார்க்கிறாளே பொம்மைப் படங்கள், அந்த எஸ்4சி சேனல்தான். எவன்ஸ் 2005இல் 92 வயதில் இறந்தார்.

நம் விருதுநகர் சங்கரலிங்கனார் 1956இல் 76 நாள் பட்டினி கிடந்து உயிர்விட்டதைச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். தமிழ்நாடு என்ற பெயருக்காக. அவருக்காக யாரும் சரியான நேரத்தில் இறங்கிவரவில்லை. எவன்ஸ் கதையைப் படித்து முடித்தபோது இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன், ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

2021 கணக்குப்படி வேல்ஸில் வெல்ஷ் தெரிந்தவர்கள் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டுகூட இல்லை. அதில் குட்டி மாதிரிப் பிள்ளைகளும் உண்டு. மூன்று மொழி அவளுக்குப் பாரமாகிவிடுமோ என்று நீ பயப்படுகிறாய், அது எனக்குப் புரிகிறது தாயி, வேலை முடிந்து களைத்து வந்து உனக்குப் புரியாத மொழியில் வீட்டுப்பாடம் பார்ப்பது லேசில்லை. ஆனால் அன்றைக்கு என்னைத் திருத்தும்போது அவள் முகத்தைப் பார்த்தவன் நான். பாரமாக இருக்கிற பிள்ளையின் முகம் இல்லை அது. அவளிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த வருஷம் முடியும்வரையாவது விட்டுவைங்கள், மாப்பிள்ளையிடமும் நான் கேட்டதாகச் சொல்.

அப்புறம், அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது அவளை ஒன்றிலிருந்து பத்து வரை வெல்ஷில் சொல்லச் சொல். ஐந்து வரை எழுதி வைத்திருக்கிறேன், ஆறிலிருந்து தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா