ஒன்பது மணிக்குக் கதவைத் திற

திருத்துறைப்பூண்டி,
மார்கழி 24.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டுப் படி.

நான் கேட்டதற்காக உன் கைக்கடிகாரத்தின் நடைக் கணக்கை அனுப்பினாயே, அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்தம் எத்தனை அடி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. எந்த நேரத்தில் நடந்தாய் என்றுதான் பார்த்தேன். அக்டோபர் மாதப் படத்தில் காலை எட்டு மணிக்கு ஓர் உயரமான கோடு, மத்தியானம் ஒன்று, ஆபீஸ் விட்டு வரும்போது ஒன்று. ராத்திரி முழுக்கக் காலி. டிசம்பர் படத்தில் காலையே காணோம். பதினொரு மணிக்குமேல் குட்டையாக நாலு கோடு. அதே உயரத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் கோடு. எது பகல் எது ராத்திரி என்று அந்தப் படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"சோம்பேறி ஆயிட்டேம்மா" என்று சிரித்தாய். சோம்பேறிகளை எனக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். சோம்பேறி வேலைக்குத்தான் மல்லாந்து படுப்பான். கல்யாணப் பந்தி என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். நீ உனக்குப் பிடித்ததற்கே எழுந்திருக்கவில்லை. அந்த சனிக்கிழமை நடனப் பயிற்சியை விட்டுவிட்டாய், சமைப்பதை விட்டுவிட்டாய், ரம்யமாகப் பேசுவாளே உன் அறைத்தோழி, அவளோடு வெளியே போவதையும் விட்டுவிட்டாய். இதற்கு மனச்சோர்வு என்று பெயர் வைக்க நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் போய்ப் பார்க்கவேண்டிய விஷயம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியும்.

நீ இருக்கும் அதே கிளாஸ்கோவின் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான் 2018-இல் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். பிரிட்டனில் 91,105 பேர் ஒரு வாரம் கையில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் அதிகமாக அசைந்த பத்து மணி நேரத்தையும், மிகக் குறைவாக அசைந்த ஐந்து மணி நேரத்தையும் எடுத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தார்கள். பகலில் நன்றாக அசைந்து ராத்திரி நன்றாக அடங்கினால் வித்தியாசம் பெரிதாக இருக்கும். அந்த வித்தியாசம் குறைந்தவர்களிடம் மனச்சோர்வும், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயும், தனிமை உணர்வும் அதிகமாக இருந்தன. இதனால் அது வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் சொன்னார்கள். நோய் ஆளைப் படுக்கவைக்கும். படுத்துக்கிடப்பது நோயை வளர்க்கும். எது முதலில் என்று வழக்குப் பேசிக்கொண்டிருப்பதில் உனக்கு லாபமில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். எல்லாருக்கும் கால் நின்றுபோவதில்லை. சிலர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு அறைக்குள் நடந்தபடியே இருப்பார்கள். சிலருக்கு விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே விழிப்புத் தட்டிவிடும். காலைப்பொழுது முழுக்க நரகமாக இருந்து, பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாகும். உனக்கு எப்படி என்று டாக்டர் கேட்பார். யோசித்து வைத்துக்கொள்.

அந்த ஊர் மார்கழியும் ஒரு காரணமாக இருக்கும். இங்கே மார்கழி என்றால் நாலரை மணிக்கே கோயில் ஸ்பீக்கர் ஆளை எழுப்பிவிடும், வேண்டாம் என்றாலும் விடாது. ஆறரைக்கு வெயில். அங்கே டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடுகிறது. மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய இருபதாயிரம் செல்கள் சேர்ந்த ஒரு சின்ன இடம் இருக்கிறது. தூக்கம், பசி, உடம்புச் சூடு, எப்போது சுறுசுறுப்பு, எப்போது ஓய்வு என்பதையெல்லாம் அதுதான் நேரம் பார்த்து நடத்துகிறது. உடம்புக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கடிகாரம் தன் போக்கில் விட்டால் சரியாக 24 மணி நேரம் ஓடாது. பெரும்பாலானவர்களுக்கு அதைவிடப் பத்து நிமிடம் போலக் கூடுதலாக ஓடும். தினம் காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அந்தப் பத்து நிமிடம் சரிக்கட்டப்படும். திரைச்சீலையை மூடிக்கொண்டு பதினொரு மணிக்கு எழுந்து, ராத்திரி இரண்டு மணி வரை லேப்டாப்பைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தால் அது தள்ளிக்கொண்டே போகத்தான் செய்யும். வெயில் இல்லையே, வெளியே போய் என்ன பயன் என்று கேட்காதே. மேகம் மூடிய பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு.

கஜா புயலுக்கு அப்புறம் முத்துப்பேட்டைப் பக்கம் ஒருத்தர் இருந்தார், உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. 2018 நவம்பர் 16. ஒரே ராத்திரியில் தென்னந்தோப்பு மொத்தமும் வேரோடு சாய்ந்தது. முதல் ரெண்டு மாதம் நிவாரணம், மனு, கணக்கெடுப்பு என்று எல்லாரோடும் ஓடிக்கொண்டுதான் இருந்தார். ஓட்டமெல்லாம் ஓய்ந்த பிறகுதான் படுத்தார். பகலெல்லாம் திண்ணையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், ராத்திரியில் கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பார். குடிக்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். குடிப்பழக்கமே கிடையாது. நான் தடுப்பூசி விஷயமாகப் போனபோது அவர் சம்சாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது அவரை அல்ல, அவர் சைக்கிளை. ரெண்டு டயரும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தது, கம்பிகளுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. "இந்த மனுஷன் சைக்கிள் இல்லாம வாசப்படி தாண்டினதில்ல நர்சம்மா" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி, மாத்திரை ஆரம்பித்தார்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை என்ன செய்வது? அந்தப் பெண் படித்தவள் இல்லை, ஆனால் கெட்டிக்காரி. தினம் தானே கொண்டுபோய் ஊற்றும் பாலை, "எனக்கு முட்டி வலிக்குது, நீங்க கொண்டுபோங்க" என்று தூக்குவாளியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். பால் சொசைட்டிக்காரன் ஆறரைக்குமேல் வாங்கமாட்டான். பால் கெட்டுப்போகுமே என்று எழுந்து போனார். "நடங்க, உடம்புக்கு நல்லது" என்று சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் படுத்திருப்பார். முதல் நாட்களில் யாரிடமும் பேசாமல் போய்விட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வார். அவள் அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள். அப்புறம் சீட்டில் எழுதிய அளவு குறைகிறது என்று சொசைட்டியில் சண்டை போட்டுவிட்டு வந்தார் ஒருநாள். அவள் என்னிடம் வந்து அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். இப்போதும் முன்போலச் சத்தமாகப் பேசமாட்டார். ஆனால் தோப்பில் புதுக் கன்று வைத்திருக்கிறார்.

அவள் செய்ததற்கு மருத்துவத்தில் ஒரு முறையே இருக்கிறது. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையைக் குறிப்பிட்ட நேரத்தில் செய்யவைத்து, மனசைப் பின்னால் வரவைக்கிற சிகிச்சை. கோவாவில் சங்காத் என்ற தொண்டு அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். மனநல டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஊர்க்காரர்கள்தான் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கே அது பலன் கொடுத்தது. அதைப் படித்தபோது, இந்த வேலையை நம் ஊர்ச் செவிலியர்களிடமும் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் ரிஜிஸ்டர்தான்.

உடனே "அப்ப வயல்ல வேலை செய்றவங்களுக்கு டிப்ரெஷனே வராதா" என்று மடக்குவாய், தெரியும். வரும். விடியற்காலையிலிருந்து குனிந்து நடவு நட்டுவிட்டு, ராத்திரி கண் மூடாமல் கிடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். கூலிக்கு உடம்பு நோக உழைப்பதும், தானே விரும்பி நடப்பதும் மனசுக்கு ஒன்றில்லை. அவர்களிடம் போய் உடற்பயிற்சி செய் என்று சொன்னால் களைக்கொட்டாலேயே அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். உன் விஷயம் வேறு. நீ படுக்கையிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து படுக்கைக்கு என்று இருக்கிறாய்.

1999-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு உள்ள 156 பேரை, எல்லாரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், மூன்றாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மாத்திரை, ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி, மீதிப்பேருக்கு இரண்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பதினாறு வாரம் கழித்து மூன்று பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. ஆனால் ஆரம்பத்தில் மாத்திரைதான் வேகமாகப் பிடித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டாக்டர் மாத்திரை எழுதினால் "நான் நடந்தே சரிபண்ணிக்கிறேன்" என்று வீரம் பேசாதே. சாப்பிடு. நீயாக நிறுத்தவும் செய்யாதே. இன்னொன்று, பதினாறு வாரம் என்பதைக் கவனி. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் திறந்த தண்ணீரை மறுநாளே நம் வாய்க்காலில் தேடினால் இருக்குமா? நாம் கடைமடை. கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, மேலே இருக்கிறவன் பாய்ச்சி முடித்து, அப்புறம்தான் நம் மடைக்கு. ஒரு வாரம் நடந்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதே.

எவ்வளவு நடப்பது என்று கேட்டால், உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது. நீ அதை இப்போது நினைக்கவே வேண்டாம். ஏகப்பட்ட பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்து 2022-இல் கணக்குப் போட்டார்கள். அந்த 150 நிமிடத்தில் பாதி அளவு நடந்தவர்களுக்கே, ஒன்றுமே செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கும் கொஞ்சத்துக்கும் நடுவில்தான் பெரிய வித்தியாசம்.

அதனால் உனக்கு ஒரே ஒரு வேலை வைக்கிறேன். தினம் உன் நேரம் காலை ஒன்பது மணிக்கு, நமக்கு மத்தியானம் இரண்டரை, நான் போன் பண்ணுவேன். நீ தெருக்கதவைத் திறந்து வெளியே வந்துதான் எடுக்கவேண்டும். வீடியோவில் வானம் தெரியவேண்டும். குளிக்கவேண்டாம், தலை சீவவேண்டாம், கோட்டை மட்டும் மாட்டிக்கொள். பேசப் பிடிக்காவிட்டால் பேசவேண்டாம். நான் பேசுகிறேன், எனக்கு ஊர்க்கதைக்குப் பஞ்சமா? முனையில் இருக்கும் அந்த ரொட்டிக் கடை வரை போய்விட்டுத் திரும்பு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. லீவு நாளில் மதியம் வரை தூங்கினால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். முந்தின ராத்திரி மூன்று மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஒன்பதுதான். தூங்கும் நேரத்தைப் பிடித்து இழுக்க முடியாது, எழும் நேரத்தைத்தான் பிடிக்க முடியும்.

ஒன்று நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகப் பதில் சொல். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பலர் பயப்படுவார்கள், அப்படியெல்லாம் இல்லை. தோன்றினால் எந்த ராத்திரியானாலும் என்னைக் கூப்பிடு. அங்கே சமாரிட்டன்ஸ் என்று போனில் மனசு விட்டுப் பேச ஓர் உதவி அமைப்பு இருக்கிறது, 116 123, காசு இல்லை. இங்கே உன் சிநேகிதி யாருக்காவது தேவைப்பட்டால் அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416 என்று சொல்லி வை.

இந்த வாரத்துக்குள் ஜி.பி.யிடம், அதுதான் அந்த ஊர்க் குடும்ப டாக்டரிடம், நேரம் வாங்கு. "டயர்டா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. எனக்கு அனுப்பிய அந்த ரெண்டு படத்தையும் அப்படியே காட்டு, அக்டோபரையும் டிசம்பரையும். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி மூன்றும் பார்க்கச் சொல். உனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே ரத்தம் குறைவு, முருங்கைக்கீரையைக் கண்டால் ஓடுவாய். வெளிச்சப் பெட்டி என்று ஒன்று விற்கிறார்கள், காலையில் அரைமணி நேரம் எதிரில் வைத்துக்கொள்வது. குளிர்காலச் சோர்வுக்கு உதவுகிறது. ஆனால் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கேள், எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது.

அப்பா நன்றாக இருக்கிறார். சம்பா கதிர் வாங்கிவிட்டது, பொங்கலுக்குள் மழை வராமல் இருக்கவேண்டுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வயலுக்கு டி.வி.எஸ். வண்டியில் போய், வண்டியிலிருந்து இறங்காமலேயே வரப்பைப் பார்த்துவிட்டு வருகிறார். பாப்பா நடந்தால் நானும் நடக்கிறேன் என்கிறார். அவரை நம்பாதே. நீ நடந்துவிடு, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டர் என்றைக்கு என்று தெரிந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. நாளைக்கு இரண்டரைக்குக் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா